வானத்துல எது தெரியும், எது தெரியாது, எது எப்பவுமே தெரியாது

வானியல் பத்தி எங்க பேச்சு எடுத்தாலும் ஒரு கேள்வி கண்டிப்பா வந்து நிக்கும். நிலாவுல அமெரிக்காக்காரன் கொடி நட்டான்ல, இவ்ளோ பெரிய டெலஸ்கோப் எல்லாம் வச்சிருக்கீங்களே, அத ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்க பாப்போம்னு. நியாயமான கேள்விதான். ஹபிள் டெலஸ்கோப் ஆயிரம் கோடி ஒளியாண்டுக்கு (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு) அந்தாண்ட இருக்கற கேலக்ஸியவே படம் புடிக்குது, இந்தா பக்கத்துல 3,84,000 கிலோமீட்டர்ல இருக்கற நிலாவுல ஒரு கொடி தெரியாதாக்கும்? தெரியாதுங்க. பூமியில இருந்து பாத்தாலும் தெரியாது, பூமிய சுத்திக்கிட்டு இருக்கற ஹபிள்ல இருந்து பாத்தாலும் தெரியாது, இதுல சதியும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் கணக்குதான்.

ஒரு பொருள் தெரியுமா தெரியாதாங்கறதுக்கு தூரம் மட்டும் பாத்தா பத்தாது, அது வானத்துல எவ்ளோ அகலத்துக்கு விரிஞ்சு இருக்குன்னு பாக்கணும். கேலக்ஸி எவ்ளோ தூரமா இருந்தாலும் அதோட சைஸ் பிரம்மாண்டம், பல ஆயிரம் ஒளியாண்டு அகலம், லட்சம் ஒளியாண்டு அகலம் எல்லாம் இருக்கு, அதனால அவ்ளோ தூரத்துலயும் அதுக்குன்னு ஒரு உருவம் இருக்கும். கொடியோட அகலம் ஒன்றரை மீட்டர். ஹபிளோட கண்ணாடி 2.4 மீட்டர், அத வச்சு நிலாவப் பாத்தா சுமார் 100 மீட்டருக்கு கம்மியா இருக்கற எதையும் பிரிச்சுப் பாக்க முடியாது, கொடி, லேண்டர் எல்லாம் ஒரே புள்ளிக்குள்ள அமுங்கிடும். கொடி ஒரு புள்ளியாவாவது தனியா தெரியணும்னா கிட்டத்தட்ட 200 மீட்டர் கண்ணாடி வேணும். இப்ப சிலி நாட்டுல கட்டிக்கிட்டு இருக்காங்களே, உலகத்துலயே பெரிய டெலஸ்கோப், அதுக்கே 39 மீட்டர்தான். அதனால நாசா வேற வழி பண்ணிச்சு, 2009ல எல்ஆர்ஓன்னு ஒரு விண்கலத்த நிலாவுக்கே அனுப்பி கிட்டப் போய் படம் எடுத்துச்சு, அதுல லேண்டர் நிக்கற இடம், ஆளுங்க நடந்து போன தடம் வரைக்கும் தெரியுது.

இதுக்கு நேர் எதிர் கேஸ் ஒண்ணும் இருக்கு. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி 25 லட்சம் ஒளியாண்டு தூரம், ஆனா வானத்துல அதோட முழு நீளம் ஆறு பௌர்ணமி நிலாவ வரிசையா அடுக்கின அளவு. அவ்ளோ பெருசு வருஷா வருஷம் நமக்கு மேல வந்துட்டுப் போகுது, ஒருத்தரும் கண்டுக்கறதில்ல, ஏன்னா அவ்ளோ மங்கல். நல்ல இருட்டான ஊர்ல நவம்பர் மாசம் வடக்குப் பக்கம் பாத்தா அதோட நடுப்பகுதி மட்டும் லேசா ஒரு திட்டு கணக்கா தெரியும். பாரசீக வானியலாளர் அல் சூஃபி 964லயே இத ஒரு சின்ன மேகம்னு எழுதி வச்சிருக்கார்.

ஆக சின்னதா இருக்கறதால தெரியாதது வேற, மங்கலா இருக்கறதால தெரியாதது வேற. இன்னும் நாலஞ்சு தினுசு இருக்கு. சில தடைய காசும் மெஷினும் இருந்தா தாண்டிடலாம், சிலத எவ்ளோ கோடி கொட்டினாலும் தாண்ட முடியாது, இத ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கறதாலதான் பாதி சந்தேகமே வருதுன்னு எனக்குத் தோணும்.

முதல்ல நம்ம கண்ணு. முழு வானத்தையும் சேத்தா, சுத்தமான இருட்டுல, வெறும் கண்ணுக்குத் தெரியற நட்சத்திரம் மொத்தமே சுமார் 9000. ஒரு நேரத்துல பாதி வானம்தான் நமக்கு மேல இருக்கும், அடிவானத்துக்கிட்ட இருக்கறது புழுதியில மங்கிடும், அதனால ரெண்டாயிரம் மூவாயிரம் பாத்தாலே பெரிய விஷயம், சென்னையில மொட்டை மாடியில நின்னா சில டஜன் தேறும். நம்ம கேலக்ஸியான பால்வீதியில இருக்கற நட்சத்திரம் 10,000 கோடிக்கும் மேலன்னு சொல்றாங்க, அதுல நமக்குத் தெரியறது இந்த 9000. தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இதுல ஒரு லாபம் இருக்கு, நாம பூமத்திய ரேகைக்குப் பக்கம் இருக்கறதால வருஷம் முழுக்க சேத்துப் பாத்தா ஏறக்குறைய மொத்த வானமும் நமக்கு வந்துடும். நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற நட்சத்திரக் குடும்பம் ஆல்ஃபா செண்டாரி, மே ஜூன்ல தெற்குப் பக்கம் தாழ்வா நல்லாவே தெரியும், லண்டன்ல இருக்கறவன் அவன் ஊர்ல இருந்துக்கிட்டு ஜென்மத்துக்கும் அத பாக்க முடியாது.

கண்ணோட பெரிய குறை என்னன்னா அது ஒளிய சேத்து வைக்காது. வந்த ஒளிய ஒரு செகண்டுக்குள்ள மூளைக்கு அனுப்பிட்டு அடுத்தத வாங்கும். கேமரா அப்படி இல்ல, மணிக்கணக்கா ஷட்டர திறந்து வச்சா மணிக்கணக்கா ஒளி சேந்துக்கிட்டே இருக்கும். 1995 டிசம்பர்ல ஹபிளோட அப்போதைய டைரக்டர் ராபர்ட் வில்லியம்ஸ் சப்தரிஷி மண்டலத்துல ஒண்ணுமே இல்லாத ஒரு குட்டி இடத்தத் தேர்ந்தெடுத்து பத்து நாள் அதையே பாக்க வச்சார், நிறைய பேரு இது டைம் வேஸ்ட்டுன்னு சொன்னாங்களாம், ஏன்னா ஹபிள்ல ஒரு மணி நேரம் கிடைக்கவே அவ்ளோ போட்டி. கடைசில அந்த வெத்து இடத்துல 3000 கேலக்ஸி சொச்சம் இருந்துச்சு. ஆக மங்கல்ங்கற தடைக்கு பெரிய கண்ணாடியும் பொறுமையும் போதும்.

அடுத்தது நெறம். நம்ம கண்ணு பாக்கற ஒளி 400லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்கும், அவ்ளோதான். அதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏகப்பட்ட ஒளி இருக்கு. 1800ல வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளிய பட்டகத்துல பிரிச்சு ஒவ்வொரு நெறத்துலயும் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தார், செவப்பு முடிஞ்ச எடத்துக்கு வெளிய ஒண்ணுமே தெரியாத இடத்துல வச்ச தெர்மாமீட்டர்தான் அதிகமா ஏறிச்சு. அதுதான் அகச்சிவப்பு, இன்ஃப்ராரெட். ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் பெரும்பாலும் இந்த ஒளியிலதான் பாக்குது, அதனால அதோட படத்துல இருக்கற கலர் எல்லாம் நாமளா ஒதுக்குனது, அலைநீளம் கூடினத செவப்பா, கம்மியா இருக்கறத நீலமா போடறாங்க. நாசா போட்டோ எல்லாம் போட்டோஷாப்னு சிலர் பெரிய ரகசியத்தக் கண்டுபுடிச்ச கணக்கா சொல்லுவாங்க, அவங்க அதுல ஒளிச்சு வைக்கவே இல்லங்க, எந்த ஃபில்டருக்கு எந்தக் கலர்னு படத்துக்குக் கீழயே போட்டுடறாங்க.

எல்லா ஒளியும் தரைக்கு வராது. காத்து மண்டலம் எக்ஸ்ரே, காமா கதிர், புற ஊதாவுல பெரும்பகுதிய எல்லாம் மேலயே நிறுத்திடும், நமக்கு உயிரோட இருக்க அது நல்லது, வானியலுக்குக் கஷ்டம். எக்ஸ்ரேயில வானத்தப் பாக்க ராக்கெட் விட வேண்டியதாப் போச்சு, 1962ல அப்படி விட்ட ராக்கெட் சில நிமிஷம் மேல போயிட்டு வந்ததுலதான் விருச்சிக ராசிப் பக்கம் சூரியக் குடும்பத்துக்கு வெளிய முதல் எக்ஸ்ரே மூலம் கெடச்சுச்சு. இப்ப 1999லேர்ந்து மேல சுத்திக்கிட்டு இருக்கற எக்ஸ்ரே டெலஸ்கோப்புக்கு சந்திரான்னு பேரு, நம்ம மாநிலக் கல்லூரியில படிச்ச சுப்பிரமணியன் சந்திரசேகர் நினைவா வச்சது.

காத்து தாராளமா உள்ள விடற இன்னொரு ஐட்டம் ரேடியோ அலை. அதுக்கு நம்ம ஊட்டியிலயே ஒரு ஆச்சரியமான ரேடியோ டெலஸ்கோப் இருக்கு, முத்தோரைப் பக்கம், 530 மீட்டர் நீளம் 30 மீட்டர் அகலம், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டி 1970ல வேலைக்கு வந்தது. அத ஏன் ஒரு மலைச் சரிவுல கொண்டு போய் வச்சாங்கன்னா, ஊட்டி இருக்கறது 11 டிகிரி அட்சரேகையில, பூமி சுத்தற அச்சு அந்த ஊர்ல தரையிலேர்ந்து 11 டிகிரி சாஞ்சு இருக்கும், அதே 11 டிகிரி சரிவுல வடக்கு தெற்கா ஒரு மலை கெடச்சா அதுமேல டெலஸ்கோப்ப படுக்க வச்சா அது தானாவே பூமி அச்சுக்கு இணையா இருக்கும். அப்புறம் ஒரே ஒரு பக்கமா உருட்டினா போதும், ஒரு பொருள கிழக்குலேர்ந்து மேற்கு வரைக்கும் ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பாக்கலாம், சிக்கலான மோட்டார் எல்லாம் தேவையில்ல. காசு இல்லாத காலத்துல மலையவே மெஷினோட பாகமா ஆக்கின ஐடியா இது, எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் ரொம்பப் புடிச்ச எடம் இதுதான்.

ரேடியோவுல ஒரு தலைவலி, அலைநீளம் ஜாஸ்தி, ஊட்டியில பாக்கற அலை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், அலைநீளம் கூடக் கூட பிரிச்சுப் பாக்க இன்னும் பெரிய டெலஸ்கோப் வேணும், அதனால முன்ன சொன்ன கொடி கணக்கு மாதிரியே இங்கயும் படம் ரொம்ப மசமசன்னு இருக்கும். அதுக்கு அவங்க நிலாவப் பயன்படுத்தினாங்க. நிலா நகந்து போகும்போது தூரத்து ரேடியோ கேலக்ஸி ஒண்ண மறைக்கும், மறைக்கற அந்த நொடியில சிக்னல் எப்படிக் குறையுது, சட்டுனு விழுதா இல்ல கொஞ்சம் கொஞ்சமா இறங்குதான்னு கோடு போட்டுப் பாத்தா அந்தப் பொருளோட சைஸ் தெரிஞ்சுடும், நிலாவோட ஓரம் எங்க இருந்துச்சுன்னு நமக்குத் துல்லியமா தெரியும்கறதால இடமும் தெரிஞ்சுடும். இப்படி நிறைய ரேடியோ மூலங்கள அளந்ததுல, பிரபஞ்சம் முன்ன ஒரு மாதிரி இருந்து இப்ப மாறியிருக்குங்கறதுக்கு, அதாவது பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்புல தொடங்கிச்சுங்கற பிக் பேங்குக்கு, ஆதாரம் ஒண்ணு நீலகிரியில இருந்து போச்சு.

அப்புறம் தூசி. ஜூலை ஆகஸ்ட் ராத்திரி விருச்சிகத்தோட வாலுக்குப் பக்கத்துல, தனுசு ராசியில, நம்ம கேலக்ஸியோட மையம் இருக்கு, சுமார் 26,000 ஒளியாண்டு. நம்ம ஊர்ல அது நல்ல உயரத்துக்கு வரும். ஆனா அங்கேர்ந்து கிளம்பற சாதாரண ஒளியில லட்சம் கோடியில ஒண்ணுதான் இங்க வந்து சேருது, நடுவுல அவ்ளோ தூசி. பால்வீதிக்கு நடுவுல கறுப்பா ஒரு பிளவு தெரியுமே, அது நட்சத்திரம் இல்லாத எடம் இல்ல, முன்னாடி தூசி நிக்கற எடம். இன்ஃப்ராரெட்ல பாத்தா பத்துல ஒரு பங்கு வந்துடும். அத வச்சு ஜெர்மனியில ரைன்ஹார்ட் கென்செல் குழுவும் அமெரிக்காவுல ஆண்ட்ரியா கெஸ் குழுவும் வருஷக்கணக்கா மையத்துல இருக்கற நட்சத்திரங்கள ஒவ்வொண்ணா பின்தொடர்ந்தாங்க, எஸ்2ன்னு ஒரு நட்சத்திரம் ஒண்ணுமே தெரியாத ஒரு புள்ளிய 16 வருஷத்துக்கு ஒரு தடவ சுத்தி வருது. சுத்தற வேகத்த வச்சு கணக்கு போட்டா அந்தப் புள்ளியில 40 லட்சம் சூரியனோட எடை இருக்கணும். ஒளி கூட தப்பிச்சு வெளிய வர முடியாத கருந்துளை. 2020ல ரெண்டு பேருக்கும் நோபல்.

2022 மே மாசம் அதோட படமும் வந்துச்சு, ஆரஞ்சு கலர்ல வளையம். அதுக்கு முன்ன 2019ல எம்87 கேலக்ஸியோட கருந்துளை படம் வந்துச்சு. இதுல ரெண்டு விஷயம், ஆரஞ்சு நாம போட்ட கலர், எடுத்தது ரேடியோவுல. வளையம் கருந்துளை இல்ல, அதச் சுத்தி இருக்கற சூடான வாயுவோட ஒளி வளைஞ்சு வர்றது, நடுவுல இருட்டா இருக்கறது அதோட நிழல். கருந்துளைக்குள்ள போனத எந்த டெலஸ்கோப்பாலயும் பாக்க முடியாது, இது முதல் நிஜமான தடை, காசு கணக்கு இங்க செல்லாது.

ஒளியே இல்லாம தகவல் புடிக்கற வழியும் ரெண்டு இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். 1987ல பக்கத்து குட்டி கேலக்ஸியில ஒரு நட்சத்திரம் வெடிச்சப்ப ஒளி வர்றதுக்கு சில மணி நேரம் முன்னாடியே கிட்டத்தட்ட எதுலயும் முட்டாம ஊடுருவிப் போற நியூட்ரினோங்கற துகள் ரெண்டு டஜன் சொச்சம் பூமிக்கடியில இருந்த கருவிகள்ல மாட்டிச்சு. 2015 செப்டம்பர் 14 அன்னிக்கு லைகோ கருவி ரெண்டு கருந்துளை மோதினதுல வந்த ஈர்ப்பு அலைய, அதாவது கடந்து போற எடத்தையே லேசா நீட்டிச் சுருக்கற அலையப் புடிச்சுச்சு, 4 கிலோமீட்டர் நீளக் குழாய்ல ஒரு புரோட்டானோட அகலத்த விட ரொம்ப ரொம்பக் கம்மியான நீள மாற்றம். இந்த மோதல்ல பாக்கறதுக்கு ஒளின்னு ஒண்ணும் சிக்கல.

இப்ப பெரிய சங்கடத்துக்கு வருவோம். 1970ல வேரா ரூபினும் கெண்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா சுத்தற வேகத்த அளந்தாங்க. சூரியனச் சுத்தற கிரகங்கள்ல தூரமா இருக்கறது மெதுவா சுத்தும், நெப்டியூன் பூமிய விட ஆமை வேகம், அதே கணக்குல கேலக்ஸியோட ஓரத்து நட்சத்திரமும் மெதுவா போகணும். போகல. ஓரத்துல இருக்கறதும் உள்ள இருக்கறதுக்கு சமமா ஓடுது. திருவிழா ராட்டினத்துல தொட்டி அவ்ளோ வேகமா சுத்தியும் பிச்சுக்கிட்டு போகலன்னா சங்கிலி கண்ணுக்குத் தெரியலன்னாலும் சங்கிலி இருக்குன்னுதான் அர்த்தம், இங்க தெரியற நட்சத்திரம், வாயு எல்லாத்தோட ஈர்ப்பையும் கூட்டினாலும் அந்தச் சங்கிலிக்குப் பத்தல. ஃபிரிட்ஸ் ஸ்விக்கின்னு ஒரு கோபக்கார சுவிஸ் ஆளு 1933லயே கேலக்ஸிக் கூட்டம் ஒண்ணுல இதையே சொன்னார், அப்ப யாரும் பெருசா எடுத்துக்கல.

அதுக்குப் பேருதான் டார்க் மேட்டர். இது தூசி கெடையாது, தூசின்னா பின்னாடி இருக்கறத மறைக்கும், இன்ஃப்ராரெட்ல ஒளிரும். டார்க் மேட்டர் தானா ஒளிரவும் ஒளிராது, மறைக்கவும் மறைக்காது, ஒளி அதுபாட்டுக்கு அதுவழியா போயிடும், ஈர்ப்பு மட்டும் இருக்கு. அது பக்கமா வர்ற ஒளி லேசா வளையும், அந்த வளைவ வச்சு எங்கெங்க எவ்ளோ இருக்குன்னு வரைபடமே போட்டுட்டாங்க, ஆனா அது என்ன துகள்னு இன்னும் யாருக்கும் தெரியல. பிரபஞ்சத்தோட மொத்தக் கணக்குல இது சுமார் 27 சதவீதம், டார்க் எனர்ஜின்னு இன்னொண்ணு 68 சதவீதம், நட்சத்திரம், கிரகம், வாயு, தூசி, நீங்க, நான் எல்லாம் சேத்து மீதி 5.

கடைசியா நேரம். சூரியன நாம பாக்கறது 8 நிமிஷம் 20 செகண்டு பழசு. திருவாதிரை நட்சத்திரம் 500 ஒளியாண்டுக்கு மேல, இன்னிக்கு அது வெடிச்சா நம்ம கொள்ளுப்பேரன் கூட பாக்க மாட்டான். தூரமா பாக்கப் பாக்க பழசாகிக்கிட்டே போகும், ஜேம்ஸ் வெப் பாத்ததுல ரொம்பப் பழைய கேலக்ஸி பிக் பேங்குக்கு அப்புறம் 30 கோடி வருஷத்துக்குள்ள இருந்தது. அப்போ இன்னும் பெரிய டெலஸ்கோப் செஞ்சா பிக் பேங்கையே பாத்துடலாமான்னா, முடியாது. முதல் 3,80,000 வருஷம் பிரபஞ்சம் முழுக்க கொதிக்கற பிளாஸ்மா, எலக்ட்ரான் எல்லாம் தனித்தனியா அலைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ஒளி நாலடி போறதுக்குள்ள ஒரு எலக்ட்ரான்ல முட்டித் திரும்பிடும். சுமார் 3000 டிகிரிக்கு ஆறினப்புறம்தான் எலக்ட்ரான் அணுவுக்குள்ள அடங்கிச்சு, ஒளிக்கு வழி கெடச்சுச்சு.

அந்த முதல் ஒளி இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கு. 1964ல அமெரிக்காவுல நியூ ஜெர்சியில பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேரு ஒரு பெரிய கொம்பு ஆண்டெனாவுல வேல பாத்தப்ப, எந்தப் பக்கம் திருப்பினாலும் பகல் ராத்திரி பாக்காம ஒரே அளவு இரைச்சல் வந்துச்சு. உள்ள புறா கூடு கட்டியிருந்துச்சு, புறாவப் புடிச்சு அப்புறப்படுத்தி எச்சத்த எல்லாம் சுரண்டித் தேச்சுக் கழுவியும் இரைச்சல் போகல. பக்கத்துல பிரின்ஸ்டன்ல ஒரு குழு இதையே தேடறதுக்குக் கருவி செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, பாவம், இவங்க தேடாமலே கண்டுபுடிச்சுட்டாங்க, 1978ல நோபல். பழைய ஆண்டெனா டிவியில சேனல் இல்லாதப்ப வர்ற புள்ளிப் புள்ளி இரைச்சல்லயும் இது கொஞ்சூண்டு இருந்துச்சு. இதுக்கு அந்தாண்ட ஒளிய வச்சு பாக்கவே முடியாது, நியூட்ரினோவோ ஈர்ப்பு அலையோதான் அங்கேர்ந்து வரணும், நேரடியா இன்னும் ஒண்ணும் மாட்டல.

இங்க ஒரு கணக்கு எல்லாரையும் குழப்பும். பிரபஞ்சத்தோட வயசு 1380 கோடி வருஷம், அப்போ நமக்குத் தெரியற தூரம் 1380 கோடி ஒளியாண்டுதானே இருக்கணும், ஏன் 4650 கோடின்னு போடறாங்க? ஒளி வந்துக்கிட்டு இருக்கும்போதே நடுவுல இருக்கற வெளி விரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அதான். அந்த முதல் ஒளி கிளம்பினப்ப அந்த எடம் நம்ம எடத்துலேர்ந்து 4 கோடி ஒளியாண்டு சொச்சம்தான், ஒளி இங்க வந்து சேர 1380 கோடி வருஷம் ஆச்சு, அதுக்குள்ள அந்த எடம் கிட்டத்தட்ட அந்த 4650 கோடிக்குப் போயிடுச்சு. அதுக்கு அந்தாண்டயும் பிரபஞ்சம் இருக்கு, அங்கேர்ந்து ஒளி வந்து சேர இன்னும் நேரம் வரல, அவ்ளோதான்.

காத்திருந்தா எல்லாம் வந்துடுமா? வராது. 1998ல ரெண்டு குழுக்கள் தூரத்து சூப்பர்நோவாக்கள (வெடிக்கற நட்சத்திரங்கள) அளந்து, விரியற வேகம் கூடிக்கிட்டே போகுதுன்னு சொன்னாங்க, அதுக்குக் காரணமா வச்சதுதான் டார்க் எனர்ஜி. அதனால இன்னிக்கு சுமார் 1600, 1700 கோடி ஒளியாண்டுக்கு மேல இருக்கற கேலக்ஸியிலேர்ந்து இப்ப கிளம்பற ஒளி எத்தன காலம் ஆனாலும் நமக்கு வராது, வழி நீளற வேகத்துக்கு ஒளியால ஈடு குடுக்க முடியாது. நமக்குத் தெரியற அந்த 4650 கோடி தூரத்துக்குள்ள இருக்கற கேலக்ஸியில நூத்துல 90க்கும் மேல இந்தக் கணக்குலதான் இருக்கு, அவங்களோட பழைய ஒளி வருது, இன்னிக்கு அங்க என்ன நடக்குதுன்னு நமக்கு என்னிக்கும் தெரியாது. இன்னும் பல ஆயிரம் கோடி வருஷம் போனா நம்ம பக்கத்துக் கூட்டத்தத் தவிர மத்த எல்லாமே மங்கி மங்கி மறைஞ்சுடும்.

இது டார்க் எனர்ஜி எப்பவும் ஒரே அளவுல இருக்கும்னு வச்சுப் போட்ட கணக்கு. அமெரிக்காவுல அரிசோனாவுல டெசின்னு ஒரு கருவி, 5000 சின்ன ரோபோ ஒவ்வொண்ணும் ஒரு ஃபைபர் இழைய ஒவ்வொரு கேலக்ஸி பக்கம் திருப்பி தூரத்த அளக்குது, 2024லயும் 2025லயும் அவங்க வெளியிட்டதுல டார்க் எனர்ஜி கொஞ்சம் கொஞ்சமா பலவீனமாகுதோன்னு ஒரு சாடை தெரியுது. கண்டுபிடிப்புன்னு அறிவிக்கற அளவுக்கு இன்னும் உறுதியாகல. உறுதியானா அந்த 1600 கோடிய அழிச்சுட்டு வேற எழுதணும், அதுவரைக்கும் எல்லாரும் மாறாதுன்னு வச்சுத்தான் நம்பர் போடறாங்க, நானும் அதையேதான் போட்டிருக்கேன்.